நிழலும் இருளும்: யூங்கின் உளநூற் கொள்கையும் திருவண்ணாமலை மரபும்

1. முன்னுரை

மாந்தனின் உள்ளத்தில் அவன் அறியாமலும் அறிய விரும்பாமலும் ஒதுக்கி வைத்த பகுதி ஒன்று உண்டு என்றும், அதனை 'நிழல்' என வழங்கலாம் என்றும் சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலறிஞர் கார்ல் குஸ்தாவ் யூங் (1875–1961) கூறினார். இக்கொள்கை உளநூலோடு நில்லாமல் சமய ஆராய்ச்சி, இலக்கியத் திறனாய்வு, மானிடவியல் ஆகிய துறைகளிலும் புகுந்துள்ளது. தமிழ் நூல்களை ஆராய்வோரும் இதனை எடுத்தாள்கின்றனர். அங்ஙனம் எடுத்தாளுங்கால் இருவகைக் கூற்றுகள் எழுகின்றன. யூங் கூறியது சைவ சித்தாந்தம் கூறும் ஆணவமலமே, அதில் புதியது ஒன்றும் இல்லை என்பது ஒன்று. இந்திய ஞான மரபு நன்மை தீமை இரண்டனையும் கடந்து நிற்க முயன்றமையால் தன் நிழலைக் காணாமலே விட்டது என்பது மற்றொன்று. பின்னதற்கு யூங்கின் எழுத்துகளே இடந்தந்தன.

இவ்விரு கூற்றுகளையும் சீர்தூக்குதற்குத் திருவண்ணாமலை ஏற்ற களமாகும். இத்தலத்தில் வாழ்ந்த இரமண மகரிஷிகளைப் பற்றி யூங் தாமே எழுதியுள்ளார். அவர் எழுதியதை, அவர் காணாத இத்தலத்துத் தமிழ் மரபோடு ஒப்புநோக்கினால் இரண்டு கூற்றுகளும் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பது விளங்கும். அவ்வொப்புநோக்கே இக்கட்டுரையின் பொருளாகும்.

2. யூங் கூறும் நிழல்

நிழலைப் பற்றிய வியப்பும் அச்சமும் மக்களிடையே மிகப் பழமையானவை. பல தொல்குடி மக்கள் நிழலை உயிரின் ஒரு கூறாகவே கருதினர் என்பதற்குச் சான்றுகளைப் பிரேசர் தம் 'பொற்கிளை' என்னும் நூலில் (1890) தொகுத்துத் தந்தார். செருமானிய எழுத்தாளர் சமிசோ, தன் நிழலை விற்றுவிட்டு மக்களிடையே வாழ இயலாமல் அலைந்த ஒருவன் கதையை 1814இல் எழுதினார். நிழல் இல்லாதவன் முழு மனிதன் அல்லன் என்னும் எண்ணம் இவற்றின் அடியில் கிடக்கிறது.

யூங் இவ்வெண்ணத்தை உளநூற் கருத்தாக ஆக்கினார். ஒருவன் தன்னைப் பற்றித் தான் கொண்டுள்ள நல்லுருவத்திற்குப் பொருந்தாத அழுக்காறு, வெகுளி, இழிந்த அவா முதலியவற்றை ஏற்க மறுத்து நனவிலி மனத்தில் தள்ளுகிறான். தள்ளப்பட்டவை அழிவதில்லை. அவை அவனுடைய நிழலாகின்றன. இந்நிழலுக்கு மூன்று இயல்புகள் உண்டு. முதலாவது, உடையவனுக்கு அது தெரிவதில்லை. இரண்டாவது, தன்னிடம் உள்ள அதனையே அவன் பிறரிடம் கண்டு வெறுக்கிறான். உளநூலார் 'புறத்தேற்றம்' எனக் கூறுவது இதுவே. மூன்றாவது, அதில் தீமை மட்டுமன்றி வளர்ச்சி பெறாத நல்லாற்றல்களும் கலந்துள்ளன. 'ஐயோன்' என்னும் நூலில் (1951) யூங் இவற்றை விரிவாக எடுத்துரைத்தார்.

அந்நூலுக்குப் பல்லாண்டுகள் முன்பே, 1937ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய டெர்ரி சொற்பொழிவுகளில் அவர் இக்கருத்தைத் தெளிவாக வைத்தார். நிழல் இல்லாதவர் எவரும் இலர் என்றும், நனவு வாழ்வில் அதற்கு இடந்தருவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவிற்கு அது கருத்துத் தடிக்கிறது என்றும் ஆங்குக் கூறினார். அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் இந்தியாவிற்குப் புறப்பட்டார் என்பது கருதத்தக்கது. நிழலைப் பற்றிய இவ்வெண்ணத்தோடுதான் அவர் நம் நாட்டில் கால் வைத்தார்.

3. வாராத வருகை

இந்திய அறிவியற் பேரவையின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டம் 1938 சனவரியில் கல்கத்தாவில் நடைபெற்றது. அதற்கு அழைக்கப்பெற்றே யூங் வந்தார். அலகாபாத், காசி, கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கின. கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் நலங்குன்றி மருத்துவமனையில் தங்கினார். பின்னர்த் தெற்கே வந்து, திருவனந்தபுரத்தையும் இலங்கையையும் கண்டு திரும்பினார். ஆயினும் திருவண்ணாமலைக்கு வந்திலர்.

அக்காலத்தில் மகரிஷியின் பெயர் மேலைநாடுகளில் பரவியிருந்தது. 1879இல் திருச்சுழியில் பிறந்து, 1896 செப்டம்பர் முதல் நாளன்று திருவண்ணாமலையை அடைந்த அவர், 1950 ஏப்பிரலில் மறையும்வரை அத்தலத்தை நீங்கவில்லை. பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட நூல் அவரை ஆங்கிலம் அறிந்த உலகிற்கு அறிமுகம் செய்தது. ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938இல் நேரில் வந்து கண்டார். யூங்கின் நண்பரும் இந்தியவியற் பேரறிஞருமான ஹைன்ரிஹ் சிம்மர், இந்தியாவிற்கு ஒருமுறையேனும் வாராதவராயினும், மகரிஷியின்பால் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார்.

சிம்மர் 1943இல் மறைந்தார். மகரிஷியின் வரலாற்றையும் உபதேசங்களையும் பற்றி அவர் செருமானிய மொழியில் எழுதிய நூலை, 'தன்னை அடையும் வழி' என்று பொருள்படும் பெயரோடு, 1944இல் சூரிக் நகரிலிருந்து யூங்கே பதிப்பித்து முன்னுரையும் எழுதினார். அம்முன்னுரை நமக்கு முதன்மைச் சான்றாகும். இந்தியாவிலிருந்து திரும்பியதும் சிம்மர் தம்மிடம் கேட்ட முதற் கேள்வியே மகரிஷியைப் பற்றியது என்றும், தாம் அவரைக் காணாது வந்ததை நண்பர் பொறுக்க இயலாத பிழையாகக் கொண்டாரோ, விளங்க இயலாத பிழையாகக் கொண்டாரோ என்றும் யூங் ஆங்குக் குறிப்பிடுகிறார். தாம் செல்லாமைக்கு அவர் காட்டும் காரணம், மகரிஷி இந்திய மண்ணில் என்றும் இருந்துவந்த ஒரு வகையினர் என்பதும், அவ்வகையை நாட்டின் எவ்விடத்தும் காணலாம் என்பதுமாகும். வெண்மையான பரப்பின்மீது மிக வெண்மையான புள்ளி என்னும் உவமையால் அவரைச் சுட்டுகிறார்.

இவ்வுவமை புகழ்ச்சி போலத் தோன்றினும் உள்ளே ஓர் ஐயத்தைக் கொண்டுள்ளது. அதே முன்னுரையில் யூங், திருவனந்தபுரத்தில் தாம் கண்ட மகரிஷியின் அடியார் ஒருவரைப் பற்றிப் பேசுகிறார். தொடக்கப்பள்ளி ஆசிரியர் நிலையிலிருந்த எளியவர் அவர். மக்களைப் பெற்றுக் குடும்பச் சுமையைத் தாங்கியவர். ஞானத்தை ஏற்றதோடு உலகையும் உண்டு செரித்தவர் என்பது யூங்கின் மதிப்பீடு. அறிவும் தூய்மையும் மட்டுமே உடைய ஒருவர் தமக்கு அரியதோர் ஊர்வனவற்றின் எலும்புக்கூட்டைப் போன்றவரே என்றும் அவர் வெளிப்படக் கூறுகிறார். நிழலைப் பற்றிய அவர் கொள்கையை அறிந்தவர்க்கு இதன் கருத்துத் தெளிவாகும். பள்ளியாசிரியரிடம் நிழல் இருந்தது. முனிவரிடம் அதனைக் காண இயலவில்லை என்பதே அவர் கருத்து.

அவர் மறைவிற்குப் பின் 1962இல் வெளிவந்த தன்வரலாற்றில் இவ்வெண்ணம் மேலும் விரிவடைகிறது. இந்தியர் நன்மைக்கும் தீமைக்கும் வெளியே தம்மை நிறுத்திக்கொள்ள விழைகின்றனர் என்றும், தாமோ உலகினின்றும் தம் உள்ளத்தினின்றும் விடுபட விழையவில்லை என்றும் யூங் கூறுகிறார். ஞானியரைத் தேடிச் செல்லாமைக்கு, தம் உண்மையைத் தாமே கண்டாக வேண்டும் என்பதையும் காரணமாகக் காட்டுகிறார். இவ்வுறுதி போற்றத்தக்கதே. ஆயினும் இந்திய மரபைப் பற்றிய முடிவு எத்தகைய சான்றின்மேல் எழுந்தது என்று வினவுதல் ஆராய்ச்சியாளர் கடமையாகும். யூங் தம் முன்னுரையில் எடுத்துக்கொண்டது மகரிஷியின் உபதேசமே. அந்நகரின் பழந்தமிழ் இலக்கியம் அன்று. ஆதலின் அவ்விலக்கியத்தை நோக்குவோம். அதற்குமுன் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும்.

4. தமிழில் 'நிழல்' என்னும் சொல்

தமிழில் 'நிழல்' பெரும்பாலும் நற்பொருளே தருகிறது. வெயில் மிக்க நாட்டில் நிழல் என்பது தங்குமிடம். அதனால் அரசனது காவல் 'குடை நிழல்' எனப்பட்டது. குடை வெயிலை மறைப்பதற்கன்று, துயருற்ற குடிகளைக் காப்பதற்கே என்னும் கருத்தைப் புறநானூற்றுப் புலவர் வெள்ளைக்குடி நாகனார் சோழனுக்கு எடுத்துரைத்தார். இறைவன் திருவடியை நிழலாகக் கண்டார் அப்பரடிகள். ஒளி, கண்ணாடியிலும் நீரிலும் தோன்றும் உரு என்னும் பொருள்களிலும் இச்சொல் பழைய நூல்களில் வழங்கியது.

தீமையொடு சார்த்தி நிழலைக் கூறும் இடங்களும் உள. தீவினையச்சம் என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், தீயவை செய்தார்க்குக் கேடு தப்பாது என்பதற்கு, ஒருவன் அடியை விட்டு நீங்காத நிழலை உவமையாக்கினார். உட்பகை என்னும் அதிகாரத்திலோ, இன்பந்தரும் நிழலும் நீரும் கேடு செய்வனவாயின் இன்னாதனவே என்றார். முதற் குறளில் நிழல் நீங்காமை பற்றியும், இரண்டாவதில் இனிமை பற்றியும் வந்தது. இரண்டிடத்தும் நிழல் உள்ளத்துக் குற்றத்தின் பெயராக ஆளப்படவில்லை என்பது கருதத்தக்கது.

உள்ளத்துக் குற்றத்திற்குத் தமிழர் ஆண்ட சொல் 'இருள்' என்பதாகும். ஆகவே யூங்கின் சொல்லை நேரே பெயர்த்து, நம் இலக்கியத்தில் 'நிழல்' வருமிடங்களை மட்டும் தேடுபவர் பிழைபட்ட முடிவிற்கே வருவர். தேட வேண்டியது சொல்லை அன்று, பொருளை.

5. அருணகிரிநாதர்

திருவண்ணாமலையில் அப்பொருளை மிகுதியாகக் காணுமிடம் அருணகிரிநாதரின் திருப்புகழாகும். இவர் 15ஆம் நூற்றாண்டினர் என்பது, விசயநகர வேந்தன் பிரபுடதேவராயனை அவர் ஒரு பாடலில் குறித்திருத்தலால் பெறப்படும். இளமையில் தீயொழுக்கத்தில் வீழ்ந்து, பொருளும் உடல் நலமும் இழந்து, நாணமிகுதியால் கோபுரத்தின் மேலேறி வீழ்ந்தார் என்றும், முருகப்பெருமான் அவரைத் தாங்கிக்கொண்டார் என்றும் செவிவழி வரலாறு கூறும். அக்கோபுரம் 14ஆம் நூற்றாண்டில் இப்பகுதியிலிருந்து ஆண்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் பெயரால் வல்லாள கோபுரம் எனப்படுவது. அதன் அடியில் கோபுரத்திளையனார் திருமுன் உள்ளது. மன்னன் பொருட்டு முருகன் தூணில் தோன்றிய இடமாகக் கம்பத்திளையனார் திருமுன் காட்டப்படுகிறது. அடியாரின் வீழ்ச்சியை இந்நகர் மறைத்திலது. வீழ்ந்த இடத்தையே வழிபாட்டிடமாகக் கொண்டது.

இவ்வரலாற்றில் எவ்வளவு மெய்ந்நிகழ்ச்சி என்பது வேறு வினா. பாடல்களில் வரும் தன்மைக் கூற்றுகளிலிருந்தே கதையின் ஒரு பகுதி உருவாகியிருக்கலாம். நமக்கு வேண்டுவது பாடல்களின் அமைப்பே. திருப்புகழ்ப் பாடல்கள் பலவற்றில் முற்பகுதி காமமயக்கத்தையும் அதன் இழிவையும் விரித்துரைக்கும். பிற்பகுதி முருகனை விளித்து வேண்டும். முற்பகுதியைக் கூச்சத்தோடு ஒதுக்கிச் செல்வாரும் உளர். ஆனால் இலக்கண நோக்கில் அதனை ஒதுக்க இயலாது. பல பாடல்களில் முற்பகுதி முற்றுப்பெறுவதில்லை. அது எச்சமாக நின்று, உழல்கின்ற நான் உன்னருள் பெறுவேனோ என்னும் பொருள்பட, பாடுவோனையே தழுவி முடியும். இருண்ட பகுதியும் வேண்டுகோளும் ஒரே வாக்கியம். முன்னதை நீக்கினால் 'நான்' என்னும் எழுவாய்க்கு அடை இல்லாமற்போகும். தன் இருளைக் கூறாமல் இறைவனை அணுகும் வழி அப்பாடல்களில் இல்லை.

இத்தகைய பாடல்களுக்கு உரை கூறுவோர், அடியார் உலகினர் குற்றத்தைத் தம்மேல் ஏற்றிக் கூறினார் என்று விளக்கங்காட்டுவது வழக்கம். பட்டினத்தார், தாயுமானவர், வள்ளலார் பாடல்களுக்கும் இவ்விளக்கம் கூறப்படும். இதனை யூங்கின் கொள்கையோடு வைத்து நோக்குதல் பயன் தரும். புறத்தேற்றம் என்பது தன் குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றுதல். இஃது பிறர் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுதல். இரண்டும் நேர்மாறானவை. ஏதிலார் குற்றத்தைக் காண்பதுபோலத் தம் குற்றத்தையும் காணவல்லார்க்குத் தீங்கு உண்டோ என்னும் கருத்துப்படத் திருவள்ளுவர் கூறியது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நடுநிலையாகும்.

எனினும் இவ்விளக்கத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. குற்றம் அடியாருடையது அன்று, உலகினருடையதே என்று விரைந்து கூறுவோமாயின், அடியாரை வெண்மையான பரப்பின்மேல் வெண்புள்ளியாக நாமே ஆக்கிவிடுகிறோம். யூங்கின் ஐயத்திற்கு நாமே சான்று தேடிக் கொடுத்தவராவோம். பாடல் 'நான்' என்று கூறுமிடத்தில் அவ்வெழுவாயை ஏற்றுக்கொண்டு படித்தலே நூலுக்கு நேர்மையாகும்.

6. ஆணவமலம் நிழலாகுமா?

திருவண்ணாமலைத் தலவரலாறே ஆணவத்தைப் பற்றியது. அடிமுடி தேடிய கதையில் பிரமன் காணாத முடியைக் கண்டதாகப் பொய்கூறி, தாழம்பூவைப் பொய்ச்சான்றாக்கினான். உமையம்மை விளையாட்டாக இறைவன் கண்களை மூட, உலகம் இருண்டது. அப்பிழை நீங்கத் தவமியற்றி, அம்மை இத்தலத்தில் இறைவனின் இடப்பாகம் பெற்றாள் என்றும் கூறுவர். செருக்கும் இருளும் தேவர்க்கும் உண்டு என்பதை இக்கதைகள் ஒளிக்கவில்லை.

கதையாகக் கூறப்பட்டதைத் தத்துவமாக வகுத்தது சைவ சித்தாந்தம். 14ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் 'இருள்மல நிலை' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னை இருளென்று காட்டும். ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்பது அவர் காட்டும் வேறுபாடு. உடையவனுக்கே தெரியாதிருத்தல் என யூங் நிழலுக்குக் கூறிய முதல் இயல்பு இதனுள் அடங்கும். அன்றியும், முத்தியிலும் ஆணவம் பொருளளவில் அழிவதில்லை, அதன் ஆற்றலே அடங்குகிறது என்பது சித்தாந்த முடிபு. நிழலை ஒழித்துவிட இயலாது என்னும் யூங்கின் கருத்திற்கு இது மிக அணித்தாகும். நன்மை தீமைக்கு வெளியே நிற்க விழைந்த மரபு என்று அவர் கூறியது இந்நெறிக்குப் பொருந்தாது.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. நிழல் ஒருவனது வாழ்க்கையில் ஒதுக்கப்பட்டவற்றால் உருவாவது. ஆணவம் செம்பிற் களிம்புபோல உயிரை அனாதியே பற்றியது. நிழலில் நல்லாற்றலும் புதைந்துள்ளது. ஆணவத்தில் நன்மை இல்லை. நிழலை நனவிற் கொணர்ந்து ஆளுமையோடு இணைத்தல் யூங்கின் மருந்து. ஆணவத்தின் ஆற்றலை அடக்குவது திருவருள். ஆதலின் நோயைக் கண்டறிந்த முறையில் ஒற்றுமையும், நோயின் தோற்றத்திலும் மருந்திலும் வேற்றுமையும் உள என்பதே முடிபு. புதியது ஒன்றும் இல்லை என்பாரின் கூற்றும் இதனால் வலியிழக்கிறது.

7. இரமண மகரிஷிகள்

இனி, யூங் நேரே சுட்டிய மகரிஷியிடம் வருவோம். நிழல் என்னும் உவமையை மகரிஷி நன்கறிந்து ஆண்டவர். அருணாசல அட்டகத்தின் ஆறாம் பாடலில், சில்லின் வழியே விழும் நிழற்படத்தை உலகத் தோற்றத்திற்கு உவமையாக்கினார். 1935 முதல் 1939 வரை அவர்தம் உரையாடல்களை அடியார் ஒருவர் குறித்து வைத்த நூலில் இதனினும் பொருத்தமான ஓரிடம் உண்டு. அகந்தையானது தரையில் விழுந்த தன் நிழலைப் போன்றது, அதனைக் குழிதோண்டிப் புதைக்க முயல்வது பேதைமை என்பது அவ்விடத்தின் கருத்து. யூங் தென்னாடு வந்த காலத்தை உள்ளடக்கிய ஆண்டுகளில் எழுந்த குறிப்புகள் இவை.

புதைத்தல் பயனற்றது என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். அடுத்த அடியில் பிரிகின்றனர். நிழலின் உருவத்தை உற்று நோக்கு என்பது யூங்கின் வழி. இந்நிழல் யாருடையது என்று வினவு என்பது மகரிஷியின் வழி. முன்னது நிழலை ஆராய்கிறது. பின்னது நிழலுக்குரியவனை ஆராய்கிறது. பின்னதை நிழலைக் காணாமை என்று கூறுதல் பொருந்தாது.

மகரிஷியின் பாடல்களும் வெண்மை மட்டும் உடையனவல்ல. விரூபாட்ச குகையில் வாழ்ந்த காலத்தில் பாடிய அட்சரமணமாலையில் தம் குற்றத்தை அறவே அறுத்து ஆளுமாறு வேண்டுகிறார். தம்மைப் பற்றிய பேய்த்தன்மை நீங்குதற்கு இறைவனே விடாத பேயாகப் பற்றிக்கொண்டான் என்றும் கூறுகிறார். அருணகிரியாரின் குரலுக்கு இஃது அயலானதன்று.

வாழ்க்கை நிகழ்ச்சி ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. 1924 சூன் 26 அன்று இரவு கள்வர் ஆசிரமத்திற் புகுந்து மகரிஷியையும் அடித்தனர். அடியார் எதிர்த்துத் தாக்க எழுந்தபோது அவர் தடுத்தார். பல் நாவைக் கடித்துவிட்டால் பல்லைத் தகர்த்தெறிவார் உண்டோ என்னும் கருத்துப்படப் பேசினார் என்பது அவர் வரலாற்றில் காணப்படும். அடித்தவனை அயலானாகக் காணாமல் தன் உறுப்பாகக் காணுதல் புறத்தேற்றத்திற்கு இடமளிக்காத நிலையாகும். ஆசிரமத்தின் சமையலறையில் விடியற்காலையில் காய்கறி நறுக்கிய அவரை, உலகை உண்ணாதவர் என்று கூறுதலும் எளிதன்று. யூங் ஆசிரமத்திற்கு வந்திருந்தால் தம் கொள்கையை மாற்றியிருப்பார் என்று நாம் கூறவில்லை. அவர் முடிவு ஒரு பகுதிச் சான்றின்மேல் எழுந்தது என்பதையே கூறுகிறோம்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. இந்திய மரபு நிழலைக் காணவில்லை என்னும் யூங்கின் கருத்து திருவண்ணாமலைத் தமிழ் மரபிற்குப் பொருந்தாது. அருணகிரியார் இருளைத் தம் கூற்றாக எடுத்துரைத்தார். சித்தாந்தம் அதன் இயல்பை வகுத்தது. மகரிஷி அதற்கு உரியவனை வினவினார். மறுபுறம், யூங்கின் நிழல் நம் ஆணவமே என்று கூறி அமைதலும் பொருந்தாது. ஒதுக்கப்பட்டவற்றில் நல்லாற்றலும் உண்டு என்பதும், நிழல் ஒவ்வொருவர் வாழ்விலும் தனித்தனியே உருவாவது என்பதும் அவர் தந்த புதிய கருத்துகள். அவற்றை நாம் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

கலைச்சொல்லைப் பொறுத்தவரை, தனியே 'நிழல்' என்றால் தமிழ்ச் செவிக்குத் தண்மையே முதலில் தோன்றும் ஆதலின், உளநூற் பொருளில் 'அகநிழல்' என அடையொடு வழங்குதல் நன்று. 'ஆணவம்', 'இருள்' என்னும் சொற்களைச் சித்தாந்தப் பொருளுக்கே விட்டுவிடல் வேண்டும்.

திருப்புகழிலும் பிற அடியார் பாடல்களிலும் வரும் தன்னிழிவுப் பகுதிகளைத் தொகுத்து, அவற்றின் வாக்கிய அமைப்பை முறையாக ஆராயும் பணி முதுகலை மாணவர்க்கு உரியது. அடியாரைத் தூயவராக்கும் ஆர்வத்தால் அப்பகுதிகளை நாம் தாண்டிச் செல்வோமாயின், ஒதுக்கப்பட்டது கருத்துத் தடிக்கும் என்று யூங் உள்ளத்தைப் பற்றிக் கூறியது நம் ஆராய்ச்சிக்கும் பொருந்துவதாகும்.